பிரசவத்துக்குக் காத்திருக்கும் வீடு

மலாவி,
மார்ச் 9

அன்புள்ள அம்மாவுக்கு ஹுஸ்னா எழுதுகிறேன். அஸ்ஸலாமு அலைக்கும். நான் நல்ல சுகம். நீங்களும் அத்தாவும் அண்ணன் ஹஸ்ஸானும் மைனியும் பிள்ளையும் சுகமாக இருக்க துஆ செய்கிறேன்.

நான் போன் பண்ணும்போதெல்லாம் நீங்கள் அடுப்படியில் வேலையாக இருப்பதாக அத்தா சொல்கிறார். ஏழு மாதமாகவா அடுப்படி வேலை? அதனால்தான் கடிதம். இதைக் கொண்டுவருகிறவர் சூசைமுத்து அண்ணன், வத்தலக்குண்டுக்காரர். எங்களோடு லேப் டெக்னீஷியனாக இருக்கிறார், லீவில் ஊருக்கு வருகிறார். நல்லவர். என் மேல் இருக்கும் கோபத்தில் அவரை வாசலோடு அனுப்பிவிடாதீர்கள்.

இங்கே என் நர்ஸ் வேலையைச் சொல்கிறேன். காலையில் சைக்கிளில் ஒரு ஊருக்குப் போவேன். மாமரக் கிளையில் தராசைத் தொங்கவிட்டு, பிள்ளைகளைத் துணிப்பையில் உட்காரவைத்து எடை பார்ப்போம். அதற்கு முன்னால் தாய்மார்கள் கைதட்டிப் பாடுவார்கள். கொசுவலைக்கு ஒரு பாட்டு, கை கழுவ ஒரு பாட்டு. எனக்குத் தெரிந்த பாஷையில் பாதி அந்தப் பாட்டுகளில் கற்றதுதான். ஒரு நாள் பிள்ளைக்குக் காய்ச்சலா என்று கேட்பதாக நினைத்து வேறு எதையோ கேட்டுவிட்டேன். எல்லாரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். என்ன கேட்டேன் என்று இன்றுவரை எனக்கு யாரும் சொல்லவில்லை.

இங்கே ஒரு அதிசயமான ஏற்பாடு உண்டு. எங்கள் ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில் ஒரு வீடு. தூரத்து ஊர்க்காரப் பெண்கள் நாள் நெருங்கும் முன்பே வந்து பிரசவம் வரை அதில் தங்குவார்கள். துணைக்கு அவரவர் அம்மா வந்து, வெளியே கல் அடுப்பு மூட்டி மக்காச்சோள மாவில் களி கிண்டுவார். எப்போது போனாலும் அங்கே அம்மாக்களின் சத்தம்தான்.

போன மாதம் எஸ்னாட் என்று ஒரு பெண் மட்டும் தனியாக வந்தாள். தலைப்பிரசவம். அவள் அம்மாவுக்கு விளைந்த சோளக் காட்டை விட்டு வர முடியவில்லையாம், குரங்கு தின்றுவிடுமாம். வலி எடுப்பதற்குள் அம்மா வந்துவிடுவாள் என்றாள். அதற்குள் மழை பிடித்துக்கொண்டது. ஆறு பெருகி மரப்பாலம் போய்விட்டது. மருந்து வாங்கப் போன எங்கள் டாக்டரும் அக்கரையிலேயே மாட்டிக்கொண்டார்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் பெண் குழந்தை பிறந்தது. நன்றாக அழுதது. நச்சுக்கொடியும் வந்துவிட்டது. அப்பாடா என்று கையுறையைக் கழற்றப் போகிறேன், ரத்தம் நிற்கவில்லை. ஊசி போட்டேன். அப்போதும் நிற்கவில்லை. வயிற்றின் மேல் கையை வைத்து அழுத்தித் தேய்த்துக்கொண்டே சத்தம் போட்டேன். திண்டுக்கல்லில் என்றால் இரண்டு டாக்டராவது ஓடிவருவார்கள். இங்கே அந்த வீட்டிலிருந்து அம்மாக்கள் ஓடிவந்தார்கள். ஒருத்தி கால்மாட்டை உயர்த்தினாள். ஒருத்தி குழந்தையைத் தன் நெஞ்சோடு சேர்த்துக்கொண்டாள். இன்னொருத்தி எஸ்னாட்டின் கன்னத்தைத் தட்டி, "தூங்காதே மகளே, என்னைப் பார், என்னைப் பார்" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். என் கை மரத்துப்போனது. ஒரு வழியாகக் கைக்குக் கீழே வயிறு கல் மாதிரி இறுகியது. ரத்தம் குறைந்தது. அதற்கப்புறம்தான் நான் அழுதேன்.

ஆறு வடிந்ததும் எஸ்னாட்டின் அம்மா முழங்கால் வரை சேறோடு வந்து நின்றாள். கட்டிப்பிடித்து அழுவாள் என்று பார்த்தால், வந்ததும் வராததுமாகத் திட்ட ஆரம்பித்துவிட்டாள். "நான் வருகிறவரை பொறுக்க முடியாமல் உனக்கு என்ன அவசரம்?" என்றாள். அப்புறம் நான் வைத்திருந்த கஞ்சியைக் கரண்டியால் தூக்கிப் பார்த்து, இது கஞ்சியா தண்ணீரா என்று என்னையும் பிடித்துத் திட்டினாள். எனக்கு அந்தச் சத்தம் அவ்வளவு நன்றாக இருந்தது, அம்மா.

நம்ம ஊரில் இல்லாத நோயாளியா அங்கே இருக்கிறார்கள் என்று கிளம்பும்போது கேட்டீர்கள். அதையே இன்னொரு தடவை கேளுங்கள். திட்டவாவது ஒரு வார்த்தை பேசுங்கள்.

உங்கள் மகள்,
ஹுஸ்னா


பேகம்பூர், திண்டுக்கல்,
ஏப்ரல் 2

ஹுஸ்னாவுக்கு அம்மா எழுதுறது. வஅலைக்கும் ஸலாம். அத்தா வாசிச்சுக் காட்டினார். அப்புறம் நானே வாசிச்சேன். நான் இன்னும் கோவமாத்தான் இருக்கேன். அத மொதல்ல எழுதிடுறேன்.

சூசைமுத்து தம்பி வந்தாரு. வாசலோட அனுப்பல. சோறு போட்டு, அவரு போதும் போதும்ங்கிற வரைக்கும் கேள்வி கேட்டேன். நீ எளைச்சிருக்கியான்னு கேட்டதுக்குச் செத்த நேரம் யோசிச்சுட்டு இல்லைன்னாரு. அந்த யோசனையிலயே எனக்குத் தெரிஞ்சுபோச்சு.

அந்தப் பொம்பள உன்னத் திட்டுனது சரிதான். புள்ள பெத்தவளுக்கு யாராச்சும் தண்ணிக் கஞ்சி ஊத்துவாங்களா? அம்புட்டு ரத்தம் போனவளுக்கு ஆட்டு மண்ணீரல் இருக்குல்ல, சுவரொட்டி, அத வாங்கிச் சுட்டுக் குடுக்கணும். அங்க ஆடு இருக்காம்ல? சுடையில கருக விடாத. ஆட்டுத் தோல அங்க என்ன பண்றாங்கன்னு அத்தா கேக்கச் சொன்னார். அவருக்கு அவரு தோல் யாவாரம்.

அங்க பொம்பளைங்க புள்ளய முதுகுல கட்டிக்கிட்டு வேலை பாக்குறாங்கன்னு சூசைமுத்து தம்பி சொன்னாரு, தலை நிக்காத புள்ளய எப்படிக் கட்டுறாங்க? நானும் உங்க மைனி நர்கீஸும் அவ புள்ளய வச்சுத் துப்பட்டாவுல கட்டிப் பாத்தோம். சரிஞ்சு சரிஞ்சு இடுப்புக்கு வந்துருது. ஹஸ்ஸான் பாத்துட்டுக் கத்துறான். முடிச்சு எங்கன போடணும்? எஸ்னாட்டோட அம்மா பேரு என்ன? நீ எழுதவே இல்ல. புள்ளைக்கு என்ன பேரு வச்சாங்க? காட்டுல சோளம் மிஞ்சுச்சா, கொரங்கு தின்னுருச்சா?

நான் அடுப்படியில இருந்தேன்னு அத்தா சொன்னது பொய்யில்ல. அவரு ஸ்பீக்கர்ல போட்டா அங்க நல்லாவே கேக்கும். போன மாசம் நீ ரெண்டு தடவை இருமுன. என்னன்னு அவரு கேக்கவே இல்ல.

நம்ம ஊருல இல்லாத நோயாளியான்னு கேட்டது தப்பில்ல. இப்பவும் கேக்குறேன். ஆனா நீ அன்னைக்கு அங்க இல்லாமப் போயிருந்தா அந்தப் புள்ள கதி என்னன்னு நெனச்சுக்கிட்டே நின்னேன், பால் பொங்கி வழிஞ்சதுகூடத் தெரியல.

அல்லாஹ் உன் கையில நோய் தீக்குற ஷிஃபாவ வைக்கட்டும். அந்தத் தாயும் புள்ளயும் நீடூழி இருக்கட்டும்.

ஒண்ணு மட்டும் சரியாச் சொல்லி அனுப்பு. அங்க மணி நமக்குப் பின்னாடியாமே, எம்புட்டுப் பின்னாடி? நான் விடியக்காலம் ஃபஜ்ரு தொழுதுட்டு உக்காந்திருக்கையில உனக்கு நடுச்சாமமா? நீ அலுத்துப்போய்த் தூங்குற நேரமாப் பாத்து நான் போன் அடிச்சு எழுப்பிறக் கூடாதுல்ல.

அம்மா
அஜீஸுன்னிசா