கிடை வராத ஆறு மா

1981 மார்ச் 8, ஞாயிறு

விடியற்காலையில் பனி. எட்டு மணிக்கே வெயில் சுள்ளென்று. கொல்லைக்குப் பின்னால் ஆறு மா நிலத்தையும் ஒரு சுற்று சுற்றி வந்தேன். சம்பா அறுத்த தாள் அப்படியே நிற்கிறது. கிழக்கு மூலை மண்ணை நாக்கில் வைத்துப் பார்த்தேன். கரிப்பு குறைந்திருக்கிறது. போன வருஷம் இதே இடத்தில் துப்ப வேண்டியிருந்தது. வடக்கு வரப்போரம் மட்டும் இன்னும் வெள்ளை பூத்துக் கிடக்கிறது.

செல்வியைக் கூப்பிட்டு எழுதச் சொன்னேன். மூன்று வருஷமாக மண் நோட்டை எழுதுவது என் மகள்தான். "கிழக்கு மூலை, தேவலாம்" என்றேன்.

"தேவலாம்னு எழுதறதாப்பா? இது என்ன காய்ச்சலா?"

"கரிப்புக் குறைவு" என்று மாற்றினேன்.

புயலில் ஆற்று வழியாகக் கடல் ஏறி உப்பான நிலம். முதல் வருஷம் ஜிப்சம் போட்டு, மழைத் தண்ணியைக் கட்டிக் கட்டி வடித்தேன். அடுத்து தக்கைப்பூண்டு விதைத்து மடக்கி உழுதேன். போன பங்குனியில் ஆட்டுக்கிடை, ராத்திரியில் வயலிலேயே ஆட்டை அடைத்து உரமேற்றினேன். இதெல்லாம் எனக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. மாமனார் பெண்ணுக்குச் சீராகக் கொடுத்தது இந்தப் பள்ளம். மகனுக்கு மேட்டு வயல். அன்றே சொன்னேன். யார் கேட்டார்கள்.

அந்த மகன், என் மைத்துனன், கலியமூர்த்தி. முழுப்பெயர் எழுத இங்க் தண்டம். இனி க.மூ.

தை மாதம் மனைவி வேம்புவோடு பேசி முடித்தது: வரும் சம்பாதான் கடைசி. அதுவும் பொய்த்தால் நிலம் அவள் தம்பி கைக்குப் போகும். அவன் சவுக்கு வைப்பான். சவுக்கு ஏறினால் பிறகு அந்த மண்ணில் நெல்லை நான் பார்க்கப் போவதில்லை. அதனால் இந்த வருஷக் கிடை தப்பக்கூடாது.

செய்ய வேண்டியவை:
– கிடை நாளை ராத்திரியிலிருந்து. ஆறு ராத்திரி, ராத்திரிக்கு ஒரு மா.
– ஆடு ஓட்டிவரும் கீதாரிக்கும் கூட வருகிற ஆளுக்கும் சோறு. வே.யிடம் சொல்ல.
– தக்கைப்பூண்டு விதை.
– சைக்கிள் பம்பு. க.மூ. தீபாவளிக்கு வாங்கிப் போனது.

சோற்றுக்குச் சொன்னபோது வேம்பு கேட்டாள், "வர்ற ஞாயித்துக்கிழமை செல்வியைப் பார்க்க வர்றாங்க. ஞாபகம் இருக்கா?"

"இருக்கு. அம்பகரத்தூர். பையன் கோவாப்ரேடிவ் பேங்க்."

"ஆடு?"

"ஞாயித்துக்கிழமை விடியறதுக்குள்ள போயிடும்."

"நாத்தம் போயிடுமா?"

அந்த நாற்றம்தான் உரம் என்றேன். பாத்திரம் தேய்க்கப் போய்விட்டாள். பேச்சு முடிந்தது என்று நினைத்தேன்.

மார்ச் 9, திங்கள்

ஆபீஸ். கொம்யூன் பஞ்சாயத்து மானேஜர் நாற்காலியில் எனக்கு ஆறு வருஷம் பிந்தி வேலைக்கு வந்தவன். இன்று அவன் எழுதிய குறிப்பில் மூன்று பிழை. பிரெஞ்சுப் பரீட்சை பிரெவே பாஸ் பண்ணிய நான் அதைத் திருத்தி, நகல் எடுத்து, அவனிடமே கையெழுத்துக்கு நீட்டினேன்.

ஐந்தரைக்கு வீடு. ஆடு இல்லை. வரப்பில் நின்றேன். ஆறு. ஆறரை. தெற்கே புழுதி கிளம்பினால் தெரியும். கிளம்பவில்லை.

"வழியில எங்கயாச்சும் தங்கியிருப்பாங்க. வந்து சாப்பிடுங்க" என்றாள் வேம்பு. ரசமும் சுட்ட அப்பளமும்.

மார்ச் 10, செவ்வாய்

காலையில் அஞ்சலை வந்தாள். நடவுக்கும் களைக்கும் வருகிறவள். இன்று எரிக்க வைக்கோல் கேட்டு வந்தாள்.

"என்ன சார், இந்த வருசம் ஆடு மச்சான் வயலுக்குப் போயிருச்சு? ராத்திரி பூரா ஒரே சத்தம். எங்க வீட்டுக் கெழவர் தூங்கவே இல்ல."

சைக்கிளை எடுத்தேன். பின் டயரில் காற்று இல்லை (பம்பு!). தள்ளிக்கொண்டே போனேன். வாய்க்காலுக்கு அந்தப் பக்கம், க.மூ.வின் மேட்டு வயலில் வலை கட்டி, உள்ளே அத்தனை ஆடும். ராத்திரி அடைத்த இடம் கறுத்துப்போயிருந்தது. புழுக்கையும் மூத்திரமும் ஊறிய நல்ல கறுப்பு. அவனுக்கு எதற்கு அது? மூட்டை மூட்டையாக யூரியா கொட்டுகிறவன்.

கீதாரி இருளாண்டி ராமநாதபுரத்துப் பக்கம். போன வருஷமும் அவர்தான் வந்தார்.

"கும்புடுறேன்யா."

"நம்ம வயல் என்ன ஆச்சு?"

"ஒங்க வீட்லருந்துதானய்யா வெத்தல பாக்கு வந்துச்சு. இந்த வருசம் எங்களுக்கு வேணாம், தம்பி வயல்ல கட்டிக்கங்கன்னு."

வெற்றிலை பாக்கு கை மாறிவிட்டால் இவர்களுக்கு அதுதான் பத்திரம். அதற்கு மேல் எழுத்து கிடையாது, சாட்சி கிடையாது. யார் கொண்டுவந்தது என்று கேட்டேன். ஆட்டுப் பக்கம் திரும்பிக்கொண்டார். "நல்லா இருக்கட்டும்யா. நான் எதுக்கு அதச் சொல்லிக்கிட்டு."

க.மூ. யாரையோ என் வீட்டு ஆள் என்று சொல்லி அனுப்பியிருக்கிறான். வேறென்ன?

டீக்கடையில் பிடித்தேன்.

"வாங்க அத்தான். டீ சொல்லட்டுமா?"

"என் கிடையத் திருடிட்டியேடா."

"ஆட்டுப் புழுக்கையக் காணோம்னு ஸ்டேஷன்ல எழுதிக் குடுங்க அத்தான். ஏட்டு வந்து எண்ணிப் பாக்கட்டும்!"

கடை முழுக்கச் சிரிப்பு. டீ ஆற்றுகிறவன்கூட.

பிறகு குரலைத் தாழ்த்திச் சொன்னான். "நான் கேக்கவே இல்ல அத்தான். அதா வந்துச்சு, கட்டுனேன். வீட்ல அக்காவக் கேளுங்க."

புளுகு. பம்பு கேட்க மறந்துவிட்டேன்.

மார்ச் 11, புதன்

வேம்புவிடம் கேட்கவில்லை.

காலையில் இட்லி. மாலையில் ஜன்னலுக்கும் உள் அறை வாசலுக்கும் நீலத் திரை தைத்துக்கொண்டிருந்தாள். பழைய சேலை. ஞாயிற்றுக்கிழமைக்காக. தையல் மிஷின் சத்தம் ஒரு மணி நேரம் நிற்கவில்லை.

கொண்டல் காற்று. வடக்கு வரப்பில் வெள்ளை இரண்டடி உள்ளே வந்துவிட்டது. வெயில் உப்பை மேலே இழுக்கிறது. மூடாக்கு இல்லாமல் மண் வாயைப் பிளந்துகொண்டு கிடக்கிறது.

மார்ச் 12, வியாழன்

கேட்டேன்.

"ஆமா. நான்தான் அனுப்பிச்சேன்" என்றாள். திரை மடித்துக்கொண்டிருந்தாள். மடிப்பதை நிறுத்தவில்லை. "போன பங்குனியில காரைக்கால்லேர்ந்து வந்தாங்களே, பிரெஞ்சு பென்ஷன் வீடு, ஜாதகம் பொருந்தலைன்னு சொன்னேனே. பொருந்திச்சு. அந்தம்மா வந்ததுலேர்ந்து முந்தானையால மூக்கப் பொத்திக்கிட்டே உக்காந்திருந்தாங்க. காபியத் தொடல. எழுந்திரிக்கறப்ப, பட்டிக்குள்ள வளந்த பொண்ணான்னு கேட்டாங்க. செல்வி உள்ளதான் நின்னா. நீங்க அப்ப மண்ணத் தோண்டிப் புழு எண்ணிக்கிட்டிருந்தீங்க."

"என்கிட்ட ஏன் சொல்லலை?"

"சொன்னா இந்த வருஷம் ஆட்டை வேணாம்னு சொல்லியிருப்பீங்களா?"

சொல்லியிருக்க மாட்டேன். அதற்காக ஒரு வருஷம் ஜாதகம் என்று கதை சொல்வதா? திங்கட்கிழமை நான் வரப்பில் நின்றபோது, வழியில் தங்கியிருப்பார்கள் என்றாளே. அப்பளம் சுட்டுக்கொண்டே சொன்னாள். குரலில் ஒரு பிசிறு இல்லை.

"வெத்தலை பாக்கை யார் கொண்டுபோனது?"

திரையை இன்னொரு மடிப்பு மடித்தாள். உள்ளேயிருந்து செல்வி வந்தாள்.

"நான்தாம்ப்பா. அம்மா என்னைப் போகச் சொல்லலை. நானாத்தான் வாங்கிட்டுப் போனேன்."

என்றைக்கு என்று கேட்டேன். சனிக்கிழமை. அப்படியானால் ஞாயிற்றுக்கிழமை என்னோடு வயலைச் சுற்றி வந்து, சிரித்து, கரிப்புக் குறைவு என்று எழுதியபோது, கிடை வராது என்று அவளுக்குத் தெரியும்.

சாப்பிடவில்லை.

மார்ச் 13, வெள்ளி

தெரிந்தவர்கள்: வேம்பு, செல்வி, க.மூ., கீதாரி, அஞ்சலை, டீக்கடை.

தெரியாதவன்: நிலத்தை மூன்று வருஷமாக நக்கிப் பார்த்துக்கொண்டிருப்பவன்.

மண் நோட்டு மேஜைமேல் இருந்தது. செல்வி வைத்திருக்க வேண்டும். தொடவில்லை.

மார்ச் 14, சனி. பங்குனி பிறப்பு.

கீதாரியிடம் போனேன். க.மூ. வயல் முடிந்ததும் என் பக்கம் இரண்டு ராத்திரியாவது முடியுமா என்று கேட்டேன். கேட்கவே கூசியது. திருமலைராயன்பட்டினத்துப் பக்கம் ஆள் காத்திருக்கிறார்களாம், நாளை மறுநாள் காலையே கிளம்ப வேண்டுமாம்.

"வர்ற வருசம் மொதக் கிடை ஒங்களுக்குத்தாய்யா. இது சத்தியம்."

வருகிற வருஷம் எனக்கு நிலம் இருக்க வேண்டுமே என்று சொன்னேன். அவருக்குப் புரியவில்லை.

வீட்டில் அதிரசம். நெய் மணம் தெரு வரை. வேம்பு எனக்கு நல்ல வேட்டி எடுத்து வைத்திருக்கிறாள்.

மார்ச் 15, ஞாயிறு

பத்தரைக்கு வந்தார்கள். பையன், அவன் அப்பா, அத்தை. பையன் ஒல்லி, கண்ணாடி. கேட்டால் மட்டும் பேசினான். க.மூ. மாப்பிள்ளை வீட்டுக்காரன் மாதிரி நடுவில் உட்கார்ந்துகொண்டான். திரை ஆடியது. நாற்றம் இல்லை. ஊதுபத்தி.

பையனின் அப்பாவுக்கு வெற்றிலைப் பழக்கம். துப்பக் கொல்லைப் பக்கம் போனவர் ரொம்ப நேரம் வரவில்லை. திரும்பி வந்தபோது கால் முழுக்க மண்.

"அந்த ஆறு மா யாருது சார்? உங்களுதா?"

"ஆமாங்க."

"கடல் ஏறுன மண்ணுதானே? எங்களுக்கும் ஒரு துண்டு அப்படிக் கெடந்துச்சு. கிடை கட்டிக் கட்டித்தான் எடுத்தேன். நீங்க ஏன் கட்டல? பங்குனியில இப்படி வெறுமனே போட்டா மேல பூத்துருமே."

வேம்பு காபித் தட்டோடு வாசற்படியில். முகத்தில் ரத்தமே இல்லை. டம்ளர்கள் ஒன்றோடொன்று தட்டும் சத்தம் எனக்குக் கேட்டது.

க.மூ. முந்திக்கொண்டான். "நம்ம வயல்ல கட்டியிருக்கேன் மாமா. இன்னிக்கு ஏழாவது ராத்திரி."

"பேஷ். வெவரமான ஆளு."

அவன் வெவரமான ஆள்! ஒரு வாக்கியம் போதும். இன்னார் செய்த வேலை என்று சொன்னால் போதும். இந்த நான்கு நாளுக்கும் சேர்த்துக் கணக்குத் தீரும். நாக்கு நுனி வரை வந்தது.

"நான்தான் வேணாம்னுட்டேன்" என்றேன். "ஆட்டு வாடை எனக்கு ஒத்துக்கறதில்ல."

அவர் விழுந்து விழுந்து சிரித்தார். "சரிதான்! ஆபீஸ்காரருக்கு மூக்கு வேற மாதிரி. சார், எங்க வீட்ல வந்து பாருங்க, ஆடு கூடத்துலயே வந்து படுத்துக்கும். ஏம்மா, உங்க பொண்ணு அதுக்கு ஒத்துக்குமா?"

வேம்பு தட்டைக் கீழே வைத்தாள். திரைக்குப் பின்னாலிருந்து செல்வி, "ஒத்துக்கும்" என்றாள். அத்தைக்காரி இடுப்பில் கைவைத்துக்கொண்டு சிரித்தாள். பையன்கூட.

மூன்று வருஷம் மண்ணோடு கிடந்தவன் நான். அந்த மனிதர் கண்ணில் மூக்கைப் பிடித்துக்கொள்ளும் குமாஸ்தா ஆகிவிட்டேன். என் வாயாலேயே.

மார்ச் 16, திங்கள்

அம்பகரத்தூரிலிருந்து ஆள் வந்தது. பிடித்துவிட்டதாம். வைகாசியில் வைத்துக்கொள்ளலாமாம். ஆபீஸில் லட்டு கொடுத்தேன். மானேஜர் இரண்டு எடுத்துக்கொண்டான்.

ஏன் அப்படிச் சொன்னேன் என்று யோசித்தேன். வேம்பு கையில் தட்டு ஆடியது, அவ்வளவுதான். மன்னித்துவிட்டேன் என்று யாரும் நினைக்க வேண்டாம்.

வேம்பு இரண்டு தடவை வந்து எதிரே நின்றாள். பேப்பர் படித்தேன்.

காலையில் ஆடுகள் தெற்கே போயின. இங்கிருந்தே புழுதி தெரிந்தது.

மார்ச் 18, புதன்

அரை நாள் சி.எல். வடக்கு வரப்போரம் வைக்கோல் மூடாக்குப் போடலாம் என்று. கொல்லைக் கிணற்றடியில் கை கழுவும்போது சமையலறையில் பேச்சுச் சத்தம். க.மூ. வந்திருக்கிறான். சவுக்குக் கன்று ஆளோடு, அளக்கக் கயிறும் கையுமாக. ஆள் வெளியே பீடி குடித்துக்கொண்டு நின்றான்.

"கிடையும் கட்டல. இனிமே அதுல என்னக்கா வெளையப் போவுது? இப்பவே குழி போட்டா ஆடியில வச்சுரலாம்."

"இப்ப வேணாம் தம்பி."

"என்ன வேணாங்கற? தை மாசமே நீதான சொன்ன. அத்தானுக்கு ஒரு பேச்சுக்கு சம்பான்னு சொல்லியிருக்கேன், எப்படியும் உனக்குத்தான்னு."

நான் தண்ணீர் வாளியைக் கீழே வைத்தேன். சத்தம் வராமல்.

தை மாதமே. நான் ஜிப்சக் கணக்கும் விதைக் கணக்கும் போட்டு அவளிடம் காட்டிக்கொண்டிருந்தபோதே.

"சொன்னேன்" என்றாள் வேம்பு. "இப்ப இல்லேங்கறேன். என் பேர்ல இருக்கற நிலம். இந்த சம்பா மட்டுமில்ல, அடுத்த பங்குனிக்குக் கிடை கட்டி, அதுக்கும் அடுத்த சம்பா வரைக்கும் அவங்க கையிலயே இருக்கட்டும்."

"அத்தான் என்ன சொக்குப்பொடி போட்டாரு?"

"போடா. அளந்தது போதும், கயித்தச் சுத்து."

அவன் போன பிறகும் நான் கிணற்றடியிலேயே நின்றேன். அவள் வெளியே வந்து பார்த்தாள். நான் கேட்டுவிட்டேன் என்று தெரிந்துகொண்டாள். உள்ளே போய் இன்னொரு அரிவாள் எடுத்து வந்து, வைக்கோல் போரிலிருந்து அறுத்து இழுக்க ஆரம்பித்தாள். இருட்டும் வரை இரண்டு பேரும் வரப்பை மூடினோம்.

ஒரு வருஷம். அவள் ஏமாற்றி எடுத்துக்கொண்டது, அவளே திருப்பிக் கொடுத்தது. எனக்கு அது பிடிக்கவில்லை. வேண்டாம் என்றும் சொல்லவில்லை.