ஈயக் குண்டு வைக்காத அங்கி

தம்பிக்கு,

சபைக்கு நீ போதகர். எனக்குத் தம்பிதான். அந்த உரிமையில்தான் திட்டுகிறேன்.

போன ஞாயிற்றுக்கிழமை, நோவா காலத்து வெள்ளமும் செங்கடலும் ஞானஸ்நானத்துக்கு முன்னடையாளம் என்று முழங்கினாய். கடைசி பெஞ்சில் நான் இருப்பதைப் பார்த்துக்கொண்டே முழங்கினாய். நானும் வேதம் வாசிக்கிறவள்தான். நோவா பேழைக்குள் நனையாமல் இருந்தார். இஸ்ரவேலர் பிளந்த கடலுக்குள் காய்ந்த தரையில் நடந்து போனார்கள். நனைந்தவர்கள் ஒருவரும் பிழைக்கவில்லை. அவர்கள் வீட்டிலும் பெண்டாட்டி பிள்ளைகள் இருந்திருப்பார்களே, அவர்களுக்கு நீ என்ன அடையாளம் வைத்திருக்கிறாய்?

வாசலில் பிடித்துக் கேட்டதற்கு, "பழைய மனுஷன் முங்கணும்க்கா, அப்பதான் புது மனுஷன் எழும்புவான்" என்றாய். அணைக்கட்டில் முங்கிய உன் மச்சான் எழும்பவில்லையே. என்னிடம் அப்படிச் சொல்ல உனக்கு வாய் கூசவில்லையா?

என் மகளிடமும் சொல்லிப் பார்த்தேன். "மாமாவோட சண்டைய மாமாவோட வெச்சுக்கோம்மா. நான் ஞானஸ்நானம் எடுக்கத்தான் போறேன்" என்கிறாள். அப்பனின் பிடிவாதம் அப்படியே இருக்கிறது.

வெள்ளை அங்கிகளைத் தைத்து முடித்துவிட்டேன். தண்ணீரில் துணி மிதக்காமல் இருக்க, கீழ் ஓரத்தில் ஈயக் குண்டு வைத்துத் தைக்கச் சொல்லியிருந்தாய். மற்றவர்களுடையதில் வைத்திருக்கிறேன். இவளுடையதில் வைக்கவில்லை. மிதந்தால் மிதக்கட்டும்.

ஞானஸ்நானத் தொட்டிக்கு எதிரே, முதல் பெஞ்சில் உட்கார்ந்திருப்பேன். வசனத்தையெல்லாம் அவள் நின்றுகொண்டிருக்கும்போதே சொல்லி முடித்துவிடு. முக்கினால் உடனே தூக்கு.

உன் அக்கா