மூலையில் இருந்த பதினாறு

உங்கள் வேதாகமத்தின் துணி உறையைத் துவைக்க இன்று காலை கழற்றினேன். நீங்கள் கர்த்தரிடம் போனபின் இப்போதுதான் அதைத் தொடுகிறேன். உள்ளே, பத்திரிகை ஆசிரியருக்கு நான் எழுதிய கடிதம். பாளை மார்க்கெட்டுக்குப் போகும் வழியில் தபாலில் போடச் சொல்லி ஒட்டிக் கொடுத்த கவர், பிரிந்து கிடந்தது.

தினமும் காப்பிக்குப் பிறகு கூட்டல் சுடோக்கு போடுவோமே, அதைப் பற்றிய கடிதம். சில கட்டங்களைச் சேர்த்துப் புள்ளிக்கோட்டால் அடைத்த ஒவ்வொரு கூட்டின் மூலையிலும் பொடி எழுத்தில் அதன் கூட்டுத்தொகை இருக்கும். உங்களுக்குப் பென்சில், எனக்குப் பேனா.

"ஏட்டி, நீ படிச்ச கான்வென்ட்ல ரப்பரே குடுக்க மாட்டாவளா?" என்று சிரிப்பீர்கள்.

அன்று ஒரு சதுரத்துக்குள் மூன்று கூடுகளும் தனியே ஒரு கட்டமும் இருந்தன. ஒன்று முதல் ஒன்பது வரை, ஒன்பது கட்டமும் சேர்ந்து நாற்பத்தைந்து. அதில் பதின்மூன்று, பதினொன்று, பதினெட்டு போக மிச்சம் மூன்று என்று எழுதினேன். அதன்பின் எதுவும் சேரவில்லை. அச்சுப்பிழை என்று கடிதம் எழுதினேன்.

"பதில் வந்ததா?" என்று கேட்டபோதெல்லாம், "பைய வரும்ட்டி" என்றீர்கள். மரியாதை தெரியாத பத்திரிகை என்று களக்காட்டில் இருக்கும் உங்கள் அக்கா வரைக்கும் சொல்லிவைத்தேன்.

கவருக்குள் அந்தப் புதிரும் இருந்தது. ஒரு மூலையைப் பென்சிலால் வட்டமிட்டிருக்கிறீர்கள். கண்ணாடி போட்டுப் பார்த்தேன். பதினெட்டு இல்லை, பதினாறு. தனிக்கட்டத்தில் வரவேண்டியது ஐந்து.

கண்ணாடியே வேண்டாம் என்று நான் பிடிவாதமாக இருந்த காலம் அது. அந்த வாரம்தான் நீங்கள் மூலை எண்களைச் சத்தமாக வாசிக்கத் தொடங்கினீர்கள்.

"எதுக்கு? எனக்குக் கண்ணு தெரியாதாக்கும்?"

"ஒனக்கில்லட்டி. சத்தமா வாசிச்சாத்தான் என் மண்டையில ஏறுது."

உங்களுக்கு வயதாகிவிட்டது என்று நான் பரிதாபப்பட்டேன்!

தப்பை ஒப்புக்கொள்வது எனக்கு எவ்வளவு கசப்பு என்று உங்களுக்குத் தெரியும். ஆனாலும் உங்கள் அக்காவுக்குப் போன் போட்டேன். "மதினி, அது பத்திரிகை தப்பு இல்ல. என் தப்பு."

"அன்னைக்கே தெரியும். சொன்னா அவ மூஞ்சி சுண்டிரும் அக்கான்னு தம்பி என் வாயக் கட்டிப்போட்டான்."

கொஞ்ச நேரம் உங்கள் மேல் கோபமாகத்தான் இருந்தேன். பிறகு என் மூன்றைக் கிறுக்காமல் ஒரே கோடாக அடித்து, பக்கத்தில் பேனாவாலேயே ஐந்து என்று எழுதினேன்.

இன்றைய புதிரை எடுத்தேன். கண்ணாடியில் எல்லா எண்களும் தெளிவாகத் தெரிந்தன. இருந்தாலும் ஒவ்வொரு மூலையையும் சத்தமாக வாசித்துவிட்டுத்தான் பேனாவைத் திறந்தேன்.