பிஸ்கட்டுக்கு முப்பத்திரண்டு

பெப்ரவரி 5, வியாழன். மைனஸ் 16.

பாம்பைப் பக்கத்தில் போய்ப் பார்த்தேன் என்று மகள் ஆரணிக்கு மெசேஜ் போட்டேன். பொய். அறை வாசலில் நின்று, போன் கமராவில் பெரிதாக்கி, பெட்டியின் சூடு காட்டும் நம்பரை வாசித்தேன். 32. எனக்கு வயது ஐம்பத்திரண்டு, பிஸ்கட் என்ற இந்தப் பாம்புக்கு மூன்று.

மகள் வேலை விஷயமாக ஒட்டாவா போயிருக்கிறாள், ஞாயிறு வருவாள். அவள் சொல்லிவிட்டுப் போனது:
– கண்ணாடிப் பெட்டிக்கு அடியில், ஒரு பக்கம், சூட்டுப் பாய்.
– மூடி வழியாக இறங்கும் வயர்தான் சூட்டை அளப்பது. 32க்குக் குறைந்தால் பாய் சுடும், 32 வந்தால் நிற்கும். முனை பெட்டித் தரையிலேயே கிடக்க வேண்டும்.
– சுட்டாலும் பாம்பு எழும்பாது. படுத்தே கிடக்கும்.

இவர்: "உதுக்கு ஹீட்டர். எனக்கு ஸ்வெட்டர்."
"பெட்டிக்குள்ளை போய்ப் படுங்கோவன், ஆர் வேண்டாமெண்டது?"

பெப். 6, வெள்ளி. பனி.

வெள்ளிக்கிழமை, வீடு துடைக்காமல் எப்படி விளக்கேற்றுவது? அந்த அறைக்குள்ளும் போனேன், கண்ணை அரைவாசி மூடிக்கொண்டு. வயரில் தூசி. வெளியே இழுத்துத் துடைத்து யன்னல் விளிம்பில் வைத்தேன்.

பின்னேரம் நம்பர் 14. பாவம், குளிருது என்று பெட்டியைக் கம்பளியால் மூடிவிட்டு, படம் எடுத்து அனுப்பினேன். உடனே போனில் ஆரணியின் கோல்.

"அம்மா, வயர் ஏன் வெளியிலை? அது யன்னல் குளிரை அளக்குது. பாய் நிக்காமல் சுடும். பிளக்கைக் கழட்டுங்கோ. ப்ளீஸ், அவனைத் தூக்குங்கோ."

பிளக்கைக் கழட்டினேன்.

பெட்டித் தரையில் கை வைக்க முடியாத சூடு. பிஸ்கட் அதன் மேலேயே சுருண்டு. கேக் தட்டு எடுக்கும் அவண் கையுறை இரண்டையும் போட்டேன். இவர் கதவுக்கு வெளியே.
"வாலைப் பிடியும்."
"தலை எங்கை எண்டு முதல் சொல்லுங்கோ."

தூக்கினேன். கனம். வயிற்றில் கொஞ்சம் சிவப்பு. வீடியோவில் காட்டினேன். கொப்புளம் இல்லையாம். நாளைக்கும் சிவந்திருந்தால் டொக்டர். இரவு புட்டு மிச்சம்.

பெப். 7, சனி. வெயில், ஆனால் குளிர்.

காலையில் சிவப்பு இல்லை. ஆரணி அழுதாள், பிறகு ஏசினாள்.

வயர் இனி அசையக் கூடாது. முனையைப் பெட்டித் தரையில், பாய்க்கு நேர் மேலே, டேப் போட்டு ஒட்டினேன். 32. இரண்டு தரம் கையாலும் தொட்டுப் பார்த்தேன்.

மூன்று மணிக்குப் பார்க்க, பிஸ்கட்டின் தலை டேப்பில் ஒட்டிக் கிடந்தது. இழுக்க வேண்டாம், எண்ணெய் பூசுங்கோ என்றாள் ஆரணி. நல்லெண்ணெய் இருந்தது. உச்சியில் தொடங்கிக் கழுத்து வரை வைத்தேன். டேப் கழன்றது.

சனிக்கிழமை. இந்த வீட்டு ஆண்களில் எண்ணெய் வைத்தது அவன் ஒருவன்தான்.