சகாராவில் ஒரு கோடு

யூலை 8, செவ்வாய். கிரெய்கிபர்ன்.

பக்கத்து வீட்டு மொரோக்கோக்காரன் ஹசனுக்கு இனி இந்த வீட்டில பச்சைத்தண்ணியும் இல்லை.

மகள் அபிக்குப் பள்ளிக்கூடத்தில மொரோக்கோவைப் பற்றி ஒரு புரொஜெக்ட். வரலாறு, மலை, பாலைவனம், அரசர், பாராளுமன்றம் எல்லாம் எழுதி, நாட்டுப் படமும் கீறி வச்சிருந்தாள். சொந்த நாட்டுக்காரன் ஒருக்காப் பாக்கட்டும் எண்டு நான்தான் பின்னேரம் அவனைக் கூப்பிட்டனான்.

மொரோக்கோ பிடிச்சு வச்சிருக்கிற, தனிநாடு கேக்கிற மேற்கு சகாராவைப் பிரிச்சு அவள் போட்டிருந்த புள்ளிக்கோட்டைக் கண்டவுடன ஆளின்ர முகம் மாறிட்டுது. கேக்காமல் பேனையை எடுத்து வெட்டினான். "இதில கோடே இல்லை. எல்லாம் ஒரே நாடு."

"அங்கத்தைச் சனம் என்ன சொல்லுது?" எண்டு கேட்டன்.

சிரிச்சான். "நாலு பேர் குழப்பம் செய்யினம். நீ ஸ்ரீலங்காக்காரன், உனக்குத் தெரியாதே? உங்கட நாட்டில அடக்கின மாதிரித்தான் அடக்கவேணும்."

மனிசி அவனுக்கெண்டு கொண்டந்து வச்ச தேத்தண்ணியை எடுத்து, அவன்ர முகத்தைப் பாத்துக்கொண்டே நான் குடிச்சன். கடைசிச் சொட்டு வரைக்கும். விளங்கியிருக்கும், எழும்பிப் போயிட்டான்.

ஆத்திரம் அடங்கேல்லை. மார்க்கரை எடுத்து, அவன் வெட்டின இடத்தில தடிப்பா ஒரு முழுக்கோடு இழுத்தன்.

இப்ப அபி குசினி மேசையில புதுத்தாளில முதல்ல இருந்து கீறிக்கொண்டிருக்கிறாள். கிட்டப் போனன். நிமிந்து பாக்கேல்லை.

"அங்கிளும் என்னைக் கேக்கேல்லை, நீங்களும் கேக்கேல்லை அப்பா. இது என்ர படம்."