சடையப்பன் நம் வாசலில் சொன்னது

அன்பு மகள் ஹெலனுக்கு அம்மா எழுதுவது,

ஆண்டவர் புண்ணியத்தில் இங்கே நானும் உன் தம்பி குடும்பமும் சுகம், அங்கே நீயும் மாப்பிள்ளையும் உடம்புக்கு ஒன்றும் வராமல் இருக்க வேண்டும் என்று தினமும் ஜெபிக்கிறேன். ஆக்ராவில் குளிர் ஆரம்பித்துவிட்டது என்று டிவியில் சொன்னான், காதை மூடிக்கொண்டு வெளியே போ, கமாண்டரே குல்லா போட்டாலும் யாரும் குறைவாக நினைக்க மாட்டார்கள். ஸ்டீபனுக்கு அத்திப்பட்டு பவர் பிளாண்டில் மறுபடியும் நைட் ஷிப்ட், சாம்பல் தூசியில் இருமல் விட்டபாடில்லை, டாக்டரிடம் போடா என்றால் கேட்பதில்லை, அக்கா சொன்னால் கேட்பான். இதையெல்லாம் போனிலேயே சொல்லலாம்தான், ஆனால் இனிமேல் எழுதப்போவதைப் போனில் சொன்னால் நீ பாதியில் "விடும்மா" என்று வாயை அடைத்துவிடுவாய். அதனால்தான் காகிதம். முழுசும் படி.

போன மாதம் வெளிநாட்டுச் சண்டையில் மாட்டிக்கொண்ட நம் ஆட்களை நீங்கள் ஏர்போர்ஸ் பிளேனில் ஏற்றிக்கொண்டு வந்தீர்களே, அந்த வாரம் ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து வந்து மீன் கழுவிக்கொண்டிருக்கிறேன், காலனிக்குள் ஒரு கார் வந்தது, இறங்கியது சடையப்பன். அவன் என்றுதான் எழுதுவேன், எண்பது வயது ஆனாலும் அவன்தான். தன் கழனி அறுப்புக்கு ஆள் கூப்பிடக்கூட ரோட்டிலேயே நின்று சத்தம் போடுகிறவன், காலனிக்குள் கால் வைத்து நான் பார்த்ததில்லை. நாற்காலியில் உட்கார்ந்து, இன்னாம்மா செண்பகம் சௌக்கியமா என்றான், என் பேரோடு 'அம்மா' சேர்த்தது அன்றைக்குத்தான். பேரன் குணா அங்கே கம்பெனி வேலைக்குப் போன இடத்தில் சிக்கிக்கொண்டானாம், போனும் கிடைக்கவில்லையாம். "உம் பொண்ணுதான் அந்த பிளேனுக்கெல்லாம் பெரிய ஆபீசராமே, ஒரு வார்த்த சொல்லும்மா" என்று கையைக் கூப்பினான்.

முந்தின நாள்தான் நீ போனில் சொல்லியிருந்தாய், ஏர்போர்ட் வந்து சேர்ந்தவர்கள் எல்லோரையும் ஏற்றுவோம், இதில் யார் சிபாரிசும் கிடையாது என்று. அதை நான் அவனிடம் சொல்லவில்லை. தெரிந்தேதான் சொல்லவில்லை.

ஹெலன், நீ செலக்‌ஷனில் தேறிய வருஷம் போலீஸ் விசாரணையில் உன் பேர் நின்றுபோனது உனக்குத் தெரியும், வீட்டில் நடந்தது தெரியாது, நீ மெட்ராஸில் ஹாஸ்டலில் இருந்தாய். அப்பா சடையப்பன் கழனி வேலையை விட்டு கும்மிடிப்பூண்டி இரும்பு மில்லுக்குப் போனார், காலனியில் இன்னும் நாலு பேரையும் கூட்டிக்கொண்டு போனார், அந்த ஆத்திரம் அவனுக்கு ஆறவேயில்லை. விசாரிக்க வந்த போலீஸிடம், தானியேல் தீவிரவாதக் கும்பல் ஆள் என்று சொல்லிவிட்டான். அப்பாவை ஸ்டேஷனுக்குக் கொண்டுபோய் அடித்தார்கள். இடது காது அன்றைக்குப் போனது, மில் சத்தத்தில் போனதாக உன்னிடம் சொல்லி வைத்திருந்தார், நீ மனசு உடைந்து டிரெய்னிங்கை விட்டுவிடுவாய் என்று பயம். பங்குச் சாமியார் அலைந்து மறு விசாரணை வாங்குவதற்குள் உன் கோர்ஸ் கிளம்பிவிட்டது, அடுத்த கோர்ஸில்தான் சேர்ந்தாய். உன்னோடு தேறியவர்கள் எல்லோரும் உனக்கு சீனியர் ஆனார்கள். நீ பனிமலையில் இருக்கும் ராணுவத்துக்கு அரிசியும் மண்ணெண்ணெயும் சுமந்தாய், வெள்ளத்தில் கிடந்தவர்களைத் தூக்கி வந்தாய், கண் தெரியாத மேகத்தில் பிளேனை இறக்கியதற்கு மெடல் கொடுத்தார்கள், ஆனாலும் ஒவ்வொரு பதவியும் அவர்களுக்கு அப்புறம்தான். ஸ்குவாட்ரன் உன் கைக்கு வந்தபோது பார்க்க அப்பா இல்லை. அந்த ஒரு வாய்ப் பேச்சு எவ்வளவு தூரம் வந்திருக்கிறது பார்.

அதனால் சொன்னேன், "சொல்றேன். அதுக்கு முன்ன, போலீஸ்கிட்ட எங்க ஊட்டுக்காரரப் பத்தி நீ இன்னா சொன்னேன்னு எல்லாருக்கும் கேக்கிற மாதிரி சொல்லு." அதற்குள் காலனியே வாசலில் கூடிவிட்டது. அது எப்பவோ நடந்தது, ஞாபகம் இல்லம்மா என்றான். அப்போ போய்ட்டு வா என்று சொல்லிவிட்டு மீனைக் கையில் எடுத்தேன். பிறகு நாற்காலியைப் பிடித்துக்கொண்டு எழுந்தான். "தானியேலு மேல பொய்தான் சொன்னேன். அவன் பொண்ணு ஆபீசராய்ட்டா நம்ம கழனில எவன் எறங்குவான்னு நெனச்சேன்." அப்புறம்தான் சொன்னேன், என் பொண்ணு யார் சொல்லியும் ஏத்த மாட்டா, யார் சொல்லியும் எறக்க மாட்டா, வந்தவங்கள ஏத்துவா, நீ இங்க வந்திருக்கவே வேணாம் என்று. அந்த முகத்தை அப்பா பார்த்திருக்க வேண்டும். தண்ணீர் வேண்டுமா என்றுகூட நான் கேட்கவில்லை. சாமியார் மன்னிக்கச் சொல்கிறார், யோசிக்கிறேன் சாமி என்று சொல்லியிருக்கிறேன்.

போன சனிக்கிழமை அந்தக் குணாவே பைக்கில் வந்தான். பிளேனில் நீ எல்லோரையும் பார்த்துக்கொண்டே வந்து அவன் தமிழைக் கேட்டு எந்த ஊர் என்று விசாரித்தாயாம். ஊரையும் தாத்தா பேரையும் சொன்னானாம். நீ தாத்தா நல்லா இருக்காரா என்று கேட்டாயாம், காலில் அடி என்று தெரிந்து ஆளைக் கூப்பிட்டுக் கட்டுப் போடச் சொன்னாயாம். உன் சட்டையில் குத்தியிருந்த பேர்ப் பட்டையில் அப்பா பேரைப் படித்துவிட்டு வீட்டில் போய்ச் சொல்லியிருக்கிறான். இதை நீ என்னிடம் மூச்சு விடவில்லை. அந்தப் பிள்ளை மேல் எனக்கு ஒன்றும் இல்லை, கட்டுப் போட்டது உன் உத்தியோகத்துக்கு அழகு. தாத்தா நல்லா இருக்காரா என்று கேட்டாயே, காது விஷயம் தெரியாமல்தான் கேட்டாய், ஆனாலும் அதுதான் எனக்கு இன்னும் எரிகிறது. அப்பாவின் காதுக்காக மன்னிக்க உனக்கு உரிமை இல்லை, எனக்கும் இல்லை. அது அவரோடு போய்விட்டது.

ஊரில் உனக்கு பேனர் வைத்துப் பாராட்டு விழா நடத்தப்போகிறார்களாம், சடையப்பன் வீட்டில்தான் சாப்பாடாம். வேண்டாம் என்று சொல்லி அனுப்பிவிட்டேன், நீயும் ஒத்துக்கொள்ளாதே.

தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ளாதே, வெறும் வயிற்றில் பறக்காதே, மாப்பிள்ளைக்கு என் ஆசீர்வாதம். ஏறுகிற ஒவ்வொரு தடவையும் ஆண்டவர் உன்னைப் பத்திரமாக இறக்கிவிட வேண்டும். கிறிஸ்துமஸுக்கு வரும்போது யூனிபார்மை மெடல்களோடு எடுத்து வா, மறந்துவிடாதே. அப்பா கல்லறைக்கு சடையப்பன் தெரு வழியாகத்தான் போக வேண்டும். கார் வேண்டாம், நடந்தே போவோம்.

உன் அம்மா,
செண்பகம் தானியேல்