போகாமல் இருக்க வாங்கியவை

ஆகஸ்ட் 4, 2025, திங்கள்

இந்த நோட்டில் எழுதப்போவது:

1. இந்த வீட்டில் கிருபாவுக்கு எதெல்லாம் கஷ்டம்.
2. ஒவ்வொன்றுக்கும் என்ன வாங்கலாம், எங்கே வாங்கலாம்.
3. வாங்கி ஒரு வாரம் கழித்து, பயன் உண்டா இல்லையா என்று ஒரு குறிப்பு.
4. அக்டோபர் ஒன்றாம் தேதி மகன் ஷாம் வருமுன் எல்லாம் முடிந்திருக்க வேண்டும்.
5. நான் யாரிடமும் எதுவும் பேசத் தேவைப்படாது. வீடு சுகமாக இருந்தால் கிருபா தானாகவே ‘இங்கேயே இருப்போம்’ என்பாள்.

நேற்று ஷாம் கோயம்புத்தூரிலிருந்து பேசினான். “மழைக்கு முன்னால முடிவு பண்ணிருவோம்மா. இன்னொரு வெள்ளத்துல ரெண்டு பேரையும் அங்க விட்டுட்டு என்னால தூங்க முடியாது. வீட்டை வாடகைக்கு விட்டுட்டு இங்க வந்துருங்க.” கிருபா போனைக் காதிலிருந்து எடுத்து, “அப்பா என்ன சொல்லுதாங்களோ” என்று என்னைப் பார்த்தாள். நான் “பார்ப்போம்” என்றேன். எழுபத்தைந்து வயதுவரை இந்த ஒரு சொல்லை வைத்தே காலத்தை ஓட்டிவிட்டேன் என்று தோன்றுகிறது.

எனக்குப் போக இஷ்டமில்லை. ஆனால் அவளுக்கு முழங்கால் வலி, வீட்டு வேலை முழுவதும் அவள் தலையில். ‘இங்கேயே கிடந்து கஷ்டப்படு’ என்று எப்படிச் சொல்வது? அதனால்தான் இந்தத் திட்டம். துறைமுகத்தின் ஸ்டோர்ஸில் முப்பத்தொரு வருடம் ஆணி முதல் நங்கூரச் சங்கிலி வரை வாங்கிப் போட்டவன். வீட்டுக்கு ஒரு கரண்டிகூட வாங்கியதில்லை. பள்ளிக்கூடத்தில் வேலை பார்த்த நாளிலும் கிருபாதான் சாயங்காலம் கடைக்குப் போய் வருவாள்.

ஆகஸ்ட் 8, வெள்ளி

குளியலறைக்குக் கைப்பிடிக் கம்பி. மூன்று கடையில் விலைப்புள்ளி கேட்டேன். இரண்டாவது கடை அண்ணாச்சி கண்ணாடியைக் கழற்றிவிட்டு, “ஐயா, ஒரு கம்பிக்கா கொட்டேஷன் கேக்கிய? பாலம் கட்டப் போறியளோ?” என்றார். கடையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். எனக்கு அப்படியே திரும்பி வந்துவிடலாம் போலிருந்தது. ஆனாலும் மூன்றாவது கடைக்கும் போனேன். இந்த ஊர் உப்புக் காற்றில் மட்ட ரகக் கம்பி ஒரு வருடத்தில் துரு ஏறிவிடும். நல்ல எவர்சில்வர் அந்தக் கடையில்தான் இருந்தது.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

கம்பியை நேற்று மாட்டியாயிற்று. இத்தனை வருடமாக ஒரு கையால் குழாயைப் பிடித்துக்கொண்டே குளித்திருக்கிறேன். அது எனக்கே தெரியாது. இன்று கம்பியைப் பிடித்துக்கொண்டு, கண்ணை மூடி, அவசரமில்லாமல் தலைக்குச் சோப்புப் போட்டேன். அவளுக்கென்று வாங்கியது எனக்கும் இவ்வளவு நிம்மதியைத் தருகிறது.

கிருபா சொன்னது: “நல்லாத்தான் இருக்கு.”

ஆகஸ்ட் 14, வியாழன்

அடுப்பு மேடை உயரத்துக்கு ஒரு முக்காலி. அடியில் ரப்பர் வைத்தது. இதுவரை நின்றுகொண்டே, ஒரு காலைச் சற்றுத் தூக்கிக்கொண்டு காய் நறுக்குவாள். இன்று உட்கார்ந்து சின்ன வெங்காயம் உரித்தாள். உரித்து முடித்தும் எழுந்திருக்கவில்லை. கேஸ் சிலிண்டருக்குச் சக்கரம் வைத்த தட்டும் வாங்கினேன். காலால் தள்ளினால் நகர்கிறது. இரண்டுமே உடனடிப் பயன்.

ஆகஸ்ட் 19, செவ்வாய்

மாடித் தண்ணீர்த் தொட்டிக்கு அலாரம். தொட்டி நிறைந்ததும் ஒரு பெண் குரல், “தண்ணீர் நிரம்பிவிட்டது, மோட்டாரை நிறுத்தவும்” என்று தெருவுக்கே கேட்கும்படி சொல்கிறது. கிருபா அடுக்களையிலிருந்து வந்து பார்த்தாள்.

“நல்லதாப் போச்சு. இந்த வீட்ல என்னைத் தவிர பேசுததுக்கு இன்னொரு ஆளு வந்தாச்சு.”

இனி அவள் மோட்டார் போட்டுவிட்டு அண்ணாந்து பார்த்துக்கொண்டு நிற்க வேண்டாம்.

ஆகஸ்ட் 20, புதன்

அலாரம் இன்று இரண்டு தடவை பேசியது. நான் அவ்வளவுகூடப் பேசியிருக்க மாட்டேன்.

ஆகஸ்ட் 28, வியாழன்

துணி காயப்போடக் கூரையில் தொங்கும் கம்பிச் சட்டம். கயிற்றை இழுத்தால் ஏறும், விட்டால் இறங்கும். பின்கட்டில் மாட்டியாயிற்று. இனி ஈரத்துணி வாளியோடு மாடிக்குப் பதினேழு படி ஏற வேண்டாம். நான் வாங்கியதிலேயே இதுதான் சிறந்தது என்று நினைக்கிறேன். நினைப்பது சரிதானா?

செப்டம்பர் 4, வியாழன்

சட்டம் வந்து ஒரு வாரம். முழங்கால் வலி குறைந்திருக்கிறது, அவளே சொன்னாள். ஆனால் முன்னைவிடப் பேச்சு குறைந்துவிட்டது. சாயங்காலம் வெறுமனே உட்கார்ந்திருந்தாள். “மாடியில நின்னா மெயின் ரோடு வரைக்கும் தெரியும்” என்றாள், கேட்காமலே. வலி இல்லாமல் இருப்பது நல்லதுதானே? நல்லதுதான். பிறகு ஏன்?

செப்டம்பர் 6, சனி

முன் அறைக்குப் பெரிய எல்.இ.டி. விளக்கு. பகலிலேயே இருட்டாக இருக்கிறது.

இருட்டுக்குக் காரணத்தையும் எழுதிவிடுகிறேன். இந்த நோட்டை யாரும் படிக்கப் போவதில்லை. எங்கள் ஜன்னலை ஒட்டி, பாதி கேட்டையும் அடைத்துக்கொண்டு, எதிர்வீட்டுச் சிவப்பிரகாஷின் லாரி நிற்கிறது. துறைமுகத்திலிருந்து நிலக்கரி ஏற்றிச் செல்லும் லாரி. ஓட்டம் இல்லாத நாளெல்லாம் இங்கேதான். 2023 டிசம்பர் வெள்ளத்துக்குப் பின் நாங்கள் மூன்று மாதம் ஷாம் வீட்டில் இருந்தோம். திரும்பி வந்தபோது நின்றது, இன்றும் நிற்கிறது.

கிருபா ஒருமுறை அவனிடம் கேட்டாள். “ஐயா வந்து சொல்லட்டும் டீச்சரம்மா, எடுத்துடலாம்” என்றானாம். நான் போகவில்லை.

பயம்தான். ஆனால் பயம் மட்டும் என்றும் சொல்ல முடியாது. வெள்ளத்தன்று இடுப்பளவு தண்ணீரில் எங்கள் இருவரையும் தூக்கி ஏற்றிக்கொண்டு போனது இதே லாரி. கிருபாவை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு போனது இதே சிவப்பிரகாஷ். அவனிடம் போய் லாரியை எடு என்று எந்த வாயால் சொல்வது?

விளக்கு நல்ல வெளிச்சம். பேப்பர் படிக்க முடிகிறது.

செப்டம்பர் 11, வியாழன்

தெருமுனையில் மீன்காரி இன்பமணியைப் பார்த்தேன். “டீச்சரம்மா இருக்காவளா?” என்றாள். வீட்டில்தான் இருக்கிறாள் என்றேன். “அப்படியா! லாரி மறைச்சுல்லா நிக்கி. நீங்க பூட்டிட்டு மவன்கிட்டப் போயாச்சுன்னு நெனச்சி நாலு மாசமா அந்தத் தெருவுக்குள்ளயே வரல. இந்தாங்க, ஊளி மீனு. டீச்சரம்மாட்ட நான் கேட்டேன்னு சொல்லுங்க.”

வாங்கி வந்தேன். கேட்டாள் என்று சொன்னேன். பூட்டியிருப்பதாக நினைத்ததை மட்டும் சொல்லவில்லை.

செப்டம்பர் 14, ஞாயிறு

சர்ச்சில் ஆராதனை முடிந்து வரும்போது லாரிக்கும் மதிலுக்கும் நடுவே ஒருச்சாய்த்து நுழைந்ததில் கிருபாவின் வெள்ளைச் சேலையில் கிரீஸ் நீளமாக அப்பிக்கொண்டது. உள்ளே வந்து, சேலையைக்கூட மாற்றாமல் நாற்காலியில் உட்கார்ந்தாள். கறை போக்க நல்ல பவுடர் ஒன்று கடையில் இருக்கிறது, நாளைக்கு வாங்கி வருகிறேன் என்றேன்.

சொல்லியிருக்கக் கூடாது.

“வாங்குங்க. எல்லாத்துக்கும் வாங்குங்க. ஜன்னல் இருட்டா இருக்கா, லைட்டு. படி ஏற முடியலியா, கயிறு. நான் கொற சொல்லல. அந்தக் கம்பி இல்லன்னா குளிக்கதே கஷ்டம்தான். ஆனா ஒருநாளாவது, ஒனக்கு என்ன வேணும் கிருபான்னு கேட்டியளா?”

“என்ன வேணும்?” என்றேன்.

“லாரிய எடுக்கச் சொல்லணும். நான் சொல்லியாச்சு. நீங்க சொல்லணும். கரண்டு ஆபீஸ்னா நான், கேஸ்காரன்னா நான், மவன்கிட்ட பேசணும்னாலும் நான். காலு வலிய நான் தாங்கிக்கிடுவேன். வாய் வலிக்கி எனக்கு.”

நான் சேலையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஸ்டோர்ஸில் ஒரு விதி உண்டு. எந்தப் பிரிவுக்குத் தேவையோ அவர்கள் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால்தான் கொள்முதல் தொடங்கும். இன்டென்ட் என்னும் அந்தத் தாள் இல்லாமல் ஒரு ஆணி வாங்கினாலும் தணிக்கையில் மாட்டிக்கொள்வோம். எத்தனை பேருக்கு இதைப் பாடம் எடுத்திருப்பேன்! வீட்டில், ஆறு வாரமாக, யாரைக் கேட்டு வாங்கினேன்? அவளுக்கு எதெல்லாம் கஷ்டம் என்று நானே உட்கார்ந்து எழுதினேன். லாரியை மட்டும் எழுதவில்லை. அதற்குக் கடையில் பொருள் இல்லை என்பதாலா?

செப்டம்பர் 15, திங்கள்

கேட் வரை போனேன். சிவப்பிரகாஷ் போனில் பேசிக்கொண்டிருந்தான். திரும்பி வந்துவிட்டேன்.

செப்டம்பர் 16, செவ்வாய்

கடிதமாக எழுதிப் பார்த்தேன். நான்கு தடவை. ‘தாங்கள் வெள்ளத்தின்போது செய்த பேருதவியை’ என்று தொடங்கி, லாரியைப் பற்றி வருவதற்குள் தாள் முடிந்துவிடுகிறது. கிருபா தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தாள். “எதுத்த வீட்டுக்கு லெட்டரா? ஸ்டாம்பு ஒட்டுவியளா?” அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது. நானும் சிரித்தேன். நான்கையும் கிழித்துப் போட்டேன்.

செப்டம்பர் 18, வியாழன்

சொல்லிவிட்டேன். நடந்ததை அப்படியே எழுதிவைக்கிறேன்.

காலை ஏழு மணி இருக்கும். சிவப்பிரகாஷ் லாரிக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

“வாங்க ஐயா. என்ன காலையிலேயே?”

“லாரி...” என்றேன்.

“லாரிக்கு என்ன?”

“கொஞ்சம் தள்ளி நிறுத்தலாமே. வாசலை அடைக்கிறது.”

அவன் துணியை உதறினான். “எங்கன தள்ள? அந்தக் காலி மனையில விட்டா மழைக்கு டயரு பொதைஞ்சிரும். நீங்கதான் அடுத்த மாசம் மவன் வீட்டுக்குப் போறியளாமே. ஆளில்லாத வீட்டு வாசல்ல நின்னா என்ன ஐயா கெட்டுப்போச்சு?”

இதை நான் எதிர்பார்க்கவில்லை. ஒத்திகை பார்த்து வைத்திருந்த எதுவும் இதற்குப் பொருந்தவில்லை. லாரியின் பக்கவாட்டைப் பிடித்துக்கொண்டேன்.

“நாங்க போகல” என்றேன்.

“என்ன?”

“நாங்க போகலப்பா. இங்கனதான் இருப்போம். அன்னைக்கு நீ எங்களைத் தூக்கிட்டுப் போனதைச் சாகும்வரை மறக்க மாட்டேன். ஆனா அவ ஜன்னல் வழியா தெருவைப் பார்க்கணும். லாரியை எடு.”

இவ்வளவு சத்தமாகப் பேசினேனா என்று எனக்கே சந்தேகம். அவன் துணியைத் தோளில் போட்டுக்கொண்டான்.

“வெள்ளத்தை எதுக்கு இப்ப இழுக்கிய? அதுக்கும் இதுக்கும் என்ன? இத இப்படி மொதல்லயே சொல்லியிருந்தா எடுத்திருப்பேம்லா.” குரலில் கொஞ்சம் கோபம் இருந்தது. “சாயங்காலம் எடுக்கேன்.”

திரும்பினால் கேட்டைப் பிடித்துக்கொண்டு கிருபா நிற்கிறாள். எல்லாவற்றையும் கேட்டிருக்கிறாள். உள்ளே வந்து காப்பி வைத்தாள்.

“போகலன்னு அவன்கிட்டச் சொல்லத் தெரியுது. எங்கிட்டச் சொல்லத் தெரியல.”

“உனக்குப் போகணுமா கிருபா?”

“போணும்னும் இல்ல, இருக்கணும்னும் இல்ல. நீங்க பார்ப்போம் பார்ப்போம்னு இருந்தா, ஷாம் என்கிட்டதான கேக்கான்? நாளைக்கு ஒண்ணு கிடக்க ஒண்ணு ஆனா நான்தான் சொன்னேன்னு ஆகும். ஒத்தையில முடிவு பண்ண எனக்குப் பயமா இருக்கு. அம்புட்டுதான்.”

அவளுக்குப் பயமா? நாற்பத்தாறு வருடத்தில் இந்தச் சொல்லை அவள் வாயிலிருந்து இப்போதுதான் கேட்கிறேன். நான் கேட்டிருந்தால் முன்பே சொல்லியிருப்பாளோ.

செப்டம்பர் 19, வெள்ளி

லாரியை எடுத்தான். பாதிதான். ஜன்னலுக்கு முன்னால் இல்லை. ஆனால் வால்பக்கம் இன்னும் கேட்டை மறைக்கிறது. மறுபடியும் போக வேண்டும். ஒரு தடவை சொன்னதோடு முடிந்தது என்று நினைத்தேனே.

செப்டம்பர் 20, சனி

போனேன். “இன்னும் எட்டடி” என்றேன். “ஐயா டேப்பு வச்சி அளந்துட்டு வந்திருப்பியளே” என்றான். அளந்துவிட்டுத்தான் போயிருந்தேன். எடுத்தான்.

செப்டம்பர் 25, வியாழன்

இன்பமணி கூடையை இறக்கிவைத்து முக்கால் மணி நேரம் பேசிவிட்டுப் போனாள். மீன் வாங்கியது என்னவோ ஒருவேளைக்குத்தான். யார் யாருக்குப் பேரன் பிறந்தான் என்று மத்தியானச் சாப்பாடு முடியும்வரை கிருபா எனக்குச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

அக்டோபர் 1, புதன்

ஷாம் காலையில் வந்தான். கைப்பிடிக் கம்பியை அசைத்துப் பார்த்தான், துணிச் சட்டத்தை இழுத்துப் பார்த்தான். “நல்லா செஞ்சிருக்கீங்கப்பா” என்றான். சாப்பிட்டு முடித்ததும் வழக்கம்போல அம்மாவைப் பார்த்து, “என்னம்மா முடிவு?” என்றான்.

கிருபா தண்ணீர்ச் செம்பை என் பக்கம் நகர்த்தி வைத்தாள்.

நான் சொன்னேன்: நாங்கள் இங்கேதான் இருக்கிறோம். பெருமழை அறிவிப்பு வந்தால் அன்றே புறப்பட்டு அங்கே வருகிறோம். பத்து நாளோ பதினைந்து நாளோ இருந்துவிட்டுத் திரும்பி வருவோம். பை கட்டித் தயாராக இருக்கும்.

“இது நீங்க சொல்றதாப்பா, அம்மா சொல்லச் சொன்னதா?”

“ரெண்டு பேரும் பேசித்தான்.”

அவனுக்கு முழுத் திருப்தி இல்லை. வெளியே போய்த் தெருவையும் காலி மனையையும் ஒரு சுற்றுப் பார்த்தான். வந்து, “அறிவிப்பு வந்த பிறகு ‘பார்ப்போம்’னு சொல்லக் கூடாது” என்றான். சொல்ல மாட்டேன் என்றேன்.

இப்போது நோட்டின் முதல் பக்கத்தைத் திருப்பிப் பார்த்தேன். ஸ்டோர்ஸில் எழுதியதை அழிக்க மாட்டோம். பழையது படிக்கத் தெரியும்படி ஒற்றைக் கோடு போட்டு, பக்கத்தில் கையெழுத்தும் தேதியும் இட வேண்டும். ‘நான் யாரிடமும் எதுவும் பேசத் தேவைப்படாது’ என்ற ஐந்தாவது எண்ணில் அப்படியே செய்தேன்.

5 தவறு. தே. தேவபிரசாதம், 1.10.25.